நவமி வரட்டும் என்றேன்

பாப்பா,

இன்று காலையில் ரொட்டி வாங்கக் கடைக்கு நடந்து போனேன். ரவுண்டபோட்டில் ஒரு செம்பனை லோரி திரும்பும்போது குலையிலிருந்து நாலைந்து பழங்கள் உதிர்ந்து என் காலடிக்கு உருண்டு வந்தன. ஒன்றைப் பொறுக்கி நகத்தால் கீறினேன். அந்த எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் ரொட்டி மறந்துவிட்டது. நன்றாகப் பழுத்த பழம். நீயாக இருந்தால், "லம்பாம் மீனுக்கு இது அல்வா அண்ணி" என்று சொல்லி முந்தானையில் முடிந்திருப்பாய். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே நின்றேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் அமாவாசை.

நான் இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன், புஞ்சாக் ஆலாமில். உன் காரியம் முடிந்த மறு மாதமே நம் வீட்டைப் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல வீடுதான். குறை சொல்லக் கூடாது. அவனும் மருமகளும் விடியும் முன்னே வேலைக்குப் போய்விடுவார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி பூட்டு. மழை பெய்தால் தண்ணீர் தெருவோரக் கால்வாய்க்குள் விழுந்து ஓடிவிடுகிறது. அது எந்த ஆற்றில் போய்ச் சேரும், எத்தனை நாளில் சேரும் என்று இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. நான் மட்டும் வாசலில் நின்று மழையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறேன். போட்டு யாரிடம் சொல்வது?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ நம் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்த நாள் எனக்குப் பிடிக்கவில்லை. புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், புக்கிட் பெருந்துங்கிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாய். உன் அண்ணன், "பாப்பா இனி இங்கதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டார். நாற்பது வயதுக்காரியை வீடே பாப்பா என்று கூப்பிடுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு மாதம் உப்பு, புளி, அரிசி தவிர நமக்குள் வேறு பேச்சு இல்லை.

அப்புறம் அந்த அஷ்டமி வந்தது. திருவிழாவுக்குத் துணி எடுக்க நான் டவுனுக்குப் புறப்பட்டு நின்றேன். அஷ்டமியில் துணி எடுக்கக் கூடாது என்று உன் அண்ணன் தடுத்துவிட்டார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அஷ்டமி நவமியில ஆத்துல நல்லா கடிக்கும் அண்ணி. வர்றீங்களா?" என்றாய். உன்மேல் இருந்த ஆசையில் நான் வரவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தில் வந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தச் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடம் உதிரிப் பழம் பொறுக்கியிருக்கிறேன். பின்னால் ஓடும் சிலாங்கூர் ஆற்றை ஒரு நாள் கூட நின்று பார்த்ததில்லை. கடல் எங்கேயோ கோலசிலாங்கூரில் இருந்தாலும் அதன் ஏற்றம் நம் தோட்டம் வரைக்கும் வருகிறது, ஆறு ஒரு நாளில் இரண்டு தடவை பின்னால் நடக்கிறது என்று நீ காட்டினாய். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் பேய் மாதிரி ஓடும், ஈயக்குண்டு அடியில் நிற்காது. பாதி நிலவு தெரியும் நாட்களில் தண்ணீர் சோம்பலாகக் கிடக்கும். மலாய்க்காரர்கள் அதைச் செத்த தண்ணீர் என்பார்கள். நாளும் கிழமையும் பார்க்கிறவர்கள் ஒதுக்கிவைக்கும் அஷ்டமியும் நவமியும் அந்த நாட்கள்தான். ஒரு கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, விருந்தாளி வர மாட்டார்கள். ஊருக்கு ஆகாத நாள் எல்லாம் நமக்கு மீன் நாள்.

நீ சொன்னாய், நான் பிடித்துக்கொண்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் காலண்டர் தாளில் பென்சிலால் குறித்துவைக்க அது போதும். மழை பெய்தால் ஒரு வட்டம், கோல குபு மலைப் பக்கம் கறுத்திருந்தால் இரண்டு வட்டம். அங்கே பெய்த மழை நம்மிடம் கலங்கலாக வந்து சேர இரண்டு நாள், தெளிய இன்னும் மூன்று நாள். வெயில் மூன்று நாள் தொடர்ந்தால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். லேசான மேகமூட்டம் வேண்டும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் போகக் கூடாது. எல்லாம் பொருந்தி வந்தால்தான் நான் தூண்டிலை எடுப்பேன். நீ கிண்டலடிப்பாய். "பஞ்சாங்கம் பாத்து மீனுக்கு முகூர்த்தம் வைக்கிற ஒரே ஆளு நீங்கதான் அண்ணி. பத்திரிகை அடிச்சிக் குடுத்துட்டுப் போலாம் லா" என்பாய். ஆனால் நான் குறித்த நாளில் நாம் வெறும் வாளியோடு திரும்பியது குறைவு. அதையும் நீ ஒத்துக்கொள்வாய்.

தண்ணீரின் கலங்கலைப் பார்க்க நம்மிடம் ஓர் அளவு இருந்தது. முழங்கை வரைக்கும் கையை முக்க வேண்டும். வளையல் தெரிய வேண்டும், விரல் நகம் தெரியக் கூடாது. நகமும் தெரிந்தால் மீன் நம்மைப் பார்த்துவிடும். வளையலே மறைந்தால் மீனுக்கு இரை தெரியாது. உன் கையில் வளையல் இல்லை. அதனால் என் கையைப் பிடித்து முக்குவாய். உன் அண்ணன் போனபோது சொந்தக்காரப் பெண்கள் என் வளையலையும் கழற்றிவிட்டார்கள். ஒரு மாதம் நான் ஆற்றுப் பக்கமே வரவில்லை. நீ பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வளையல் வாங்கி வந்து என் கையில் மாட்டினாய். நான் பதறிப்போய் இழுத்தேன். "இது அலங்காரத்துக்கு இல்ல அண்ணி. தண்ணி பாக்க" என்றாய். உன் குரலில் சிரிப்பே இல்லை.

சிரித்த நாளும் உண்டு. மகனுக்குப் பெண் பேசியபோது, அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வேறு நாளில் லீவு கிடைக்கவில்லை என்று ரவாங்கிலிருந்து ஒரு நவமியில் வீடு பார்க்க வந்துவிட்டார்கள். நவமியில் யார் வரப் போகிறார்கள் என்று நாம் ஆற்றில் இருந்தோம். வேலை முடிந்து இரண்டு மணிக்குப் போனவர்கள், முழங்கால் வரைக்கும் சேறும் கையில் வாளியுமாகத் திரும்புகிறோம், வாசலில் பட்டுச் சேலைகள் நிற்கின்றன. பெண்ணின் அம்மா நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு அம்மா யார் என்று கேட்டார். நீ என்னைக் காட்டி, "சேறு கொஞ்சம் கம்மியா இருக்கே, அவங்கதான்" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. அன்று பொரித்த லம்பாமை அவர்கள் முள் எடுத்து முள் எடுத்துத் தின்றார்கள். மருமகள் அடிக்கடி அதைச் சொல்லிச் சிரிப்பாள். நீ போன பிறகு அவள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்காக நிறுத்தியிருக்கிறாள். சொல்லு என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதும் நம் நாட்கள் சுருங்கிப் போயின. திங்கள், புதன், வெள்ளி இரத்தம் சுத்தம் செய்ய வேன் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வந்தால் சுருண்டு படுப்பாய். அங்கே ஒரு நாள் துணைக்கு வந்தபோது, தாதி "பாப்பா" என்று நான் கூப்பிடுவதைக் கேட்டு, குழந்தை எங்கே என்று தேடினாள். நீ கையைத் தூக்கி நான்தான் என்றாய். மற்ற கிழமைகளில் அஷ்டமி நவமி விழ வேண்டும், மழை இல்லாமல் இருக்க வேண்டும், உனக்கும் தெம்பு இருக்க வேண்டும். சில மாதங்களில் ஒரு நாள் கூடத் தேறவில்லை. ஆனாலும் நான் என் சட்டத்தை விடவில்லை. உன்னைச் சிரமப்படுத்திக் கூட்டிப்போகிறோம், போனால் மீன் கடிக்க வேண்டும், உன் கையில் ஓர் இழுப்பாவது விழ வேண்டும் என்று நினைத்தேன். அது தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. அமாவாசை. மேலே இரண்டு நாளாக மழை. ஆறு தேத்தண்ணீர் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. காலையில் உன் அண்ணனுக்கு இலை போட்டுப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பினால், நீ தோட்டத்து வேலைக்கும் ஆற்றுக்கும் போடும் அந்த நீளக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். உடம்பு மெலிந்து சட்டை தொளதொளவென்று கிடந்தது.

"அண்ணி, இன்னிக்கிப் போலாமா?"

நான் உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை பாப்பா. இலையைக் கழுவிக்கொண்டே பேசினேன். "இன்னிக்கா? தண்ணி எப்படி ஓடுதுன்னு பாத்தியா? அடுத்த வியாழன் நவமி. உனக்கும் வேன் இல்லாத நாளு. நவமி வரட்டும், போவோம்" என்றேன். நீ மறுத்துப் பேசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டு ஒருவேளை வந்துமிருப்பேன். நீ, "சரி அண்ணி" என்றாய். அறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து, எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாய்.

திங்கட்கிழமை காலையில், வேன் வரும் முன்னே, நீ போய்விட்டாய்.

புதன்கிழமை உன் அஸ்தியை மகன்தான் கொண்டுபோய் கோலசிலாங்கூரில் கரைத்தான். ஆண்கள் மட்டும் போனார்கள். அவன் திரும்பி வந்து தலை துவட்டுவதற்குள் நான் கேட்டேன், தண்ணீர் எப்படி இருந்தது என்று. அவனுக்கு என் கேள்வி விளங்கவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சி மா. தெளிஞ்சி, அசையாமக் கெடந்துச்சி" என்றான். நான் கணக்கில் தவறவில்லை. மறுநாள் வியாழன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் உன் பாய்மேல் உட்கார்ந்திருந்தேன். மேகமூட்டமாக இருந்தது, காற்றே இல்லை. இரண்டு மணி ஆனபோது கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

நான் இங்கே குடிவந்த பிறகு ஒரே ஒரு தடவை மகன் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனான். நவமி. வளையல் தெரிந்தது, நகம் தெரியவில்லை. போட்டவுடனே கடித்தது. அடுத்தடுத்து ஆறு லம்பாம். ஏழாவது கடித்தபோது நான் தூண்டில் நரம்பை இழுக்கவில்லை. இழுத்து, திரும்பி, பார் பாப்பா என்று சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை. பிடித்ததை எல்லாம் அவனையே கொண்டுவரச் சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். குழம்பு வைத்தேன். எனக்கு இறங்கவில்லை.

இன்று மாலை அவன் வேலை முடிந்து வந்ததும் ஆற்றுக்குப் போக வேண்டும் என்றேன். "மா, இன்னிக்கி அமாவாசை. அப்பாவுக்கும் அத்தைக்கும் படைச்சிருக்கீங்களே?" என்றான். மீன் பிடிக்க இல்லை, கொண்டுபோய் விடு என்றேன். என்ன நினைத்தானோ, சாவியை எடுத்தான்.

நம் இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. கடல் ஏறுகிற நேரம். ஆறு மண் நிறத்தில், மட்டையும் குப்பையுமாகப் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தூண்டில் இல்லாமல் உட்கார்ந்தேன். சைக்கிளில் போன ஒரு மலாய்ப் பெரியவர் நின்று, "மக்சிக், ஆயிர் பெசார் லா" என்று கையை ஆட்டினார். தண்ணீர் பெரிது, ஒன்றும் கிடைக்காது என்கிறார். தெரியும் என்று தலையாட்டினேன். மகன் காரில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சுத்துணை இல்லாமல், கையில் வேலை இல்லாமல், ஒரு மணி நேரம் அந்த ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை மாதமாக அந்தச் செவ்வாயை மனதில் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், இது எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை.

இதை மருமகளின் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் இதைச் சுமந்துகொண்டுதான் இனிமேல் இருக்கப் போகிறேன். அமாவாசையில் நம் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. அது உனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் ஈயம் நிற்காது, லம்பாம் வாய் வைக்காது என்று எனக்குச் சொன்னதே நீதான். அப்படியிருக்க, அன்றைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை எதற்குக் கூப்பிட்டாய் பாப்பா?