வேர்ப்பூஞ்சைப் பாக்கெட்

சின்னவளின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஃபோனில் என்னைத் திட்டிய குரலில் தெம்புக்குக் குறைவில்லை.

"நீ அனுப்புன பொடி வெறும் சாம்பல்டி, தக்காளி நாத்து ஒண்ணுகூடத் தேறல" என்றீர்கள். அது சாம்பல் இல்லை, உயிருள்ள பூஞ்சை. வேரோடு ஒட்டி வளர்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்தும் செடிக்குச் சத்தும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கும். நடந்ததைச் சின்னவள்தான் சொன்னாள். உங்கள் தம்பி "எதுக்கும் இருக்கட்டும்ணே" என்றாராம். பொடி போட்ட அதே நாளில் பூஞ்சைக்கொல்லியையும் ஊற்றினீர்களாம். குடிவைத்த கையாலேயே கொன்றுவிட்டு, தெரு முழுக்க என் தலையை உருட்டுகிறீர்கள்.

அந்தப் பாக்கெட்டோடு, அதைத் தயாரிக்கும் எங்கள் ஆலையை விட்டு வெளியே வந்த அன்று, சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தார். அனுமதிச் சீட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார். பெரிய விஷயமில்லை, கவலைப்பட வேண்டாம். நீங்கள் படவும் மாட்டீர்கள்.

இத்துடன் இன்னொரு பாக்கெட் வருகிறது. நிழலில் வையுங்கள். அதன் பக்கத்தில் எந்த மருந்தையும் கொண்டுபோகாதீர்கள், உங்கள் தம்பியையும்தான். சின்னவளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். இரண்டு வரி எழுதியும் அனுப்புங்கள். ஃபோனில் கத்தினால் அன்றோடு போய்விடுகிறது; எழுதினால் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

சங்கு ஊதிவிட்டது, உள்ளே போக வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம், உள்ளே இருப்பது எத்தனை மாதம் உயிரோடு தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. என் மேல் அப்படி எதுவும் அச்சிடவில்லை.