ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சேவல்

நவம்பர் 16

வலது கை தோளுக்கு மேல் எழவே மாட்டேன் என்கிறது. தோள் இறுகிவிட்டதாம். இந்த நெப்ராஸ்காக் குளிரில் கோட்டுக்குள் கையை நுழைக்கவே லிராய் வேண்டியிருக்கிறது. உள்ளாடைக் கொக்கியும் அவன்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் மாட்டக் கற்றுக்கொள்கிறான்.

தம்பி வெர்ன் காபி குடிக்க வந்தான். "கையே தூக்க முடியல, நீ எப்படிக்கா அவுட் குடுப்ப? அம்பயர் வேலைய வேற யாருக்காவது விட்டுடேன்."

ஊர் சாஃப்ட்பால் குழுவும் அதையேதான் சொல்கிறது. மே மாத முதல் ஆட்டத்துக்குள் கை முழுதாக உயர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். போன கோடையில், பேஸைத் தொட்டுவிட்டேன், 'சேஃப்' என்று அவன் கத்தக் கத்த நான் கொடுத்த அவுட் வெர்னுக்கு இன்னும் செரிக்கவில்லை.

விடுவேனா?

நவம்பர் 22

பிசியோதெரபிஸ்ட் பெயர் ஜனெல். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டணும். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கணும். விரல்களால் சுவரில் ஏறணும். எனக்குச் சுவர் ஃப்ரிட்ஜ் கதவுதான். விரல் எட்டிய இடத்தில் சேவல் காந்தத்தை ஒட்டினேன். நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. வெட்கக்கேடு.

டிசம்பர் 30

சேவல் ஏறுகிறது!

பிப்ரவரி 1

சேவல் என் நெற்றியைத் தாண்டிவிட்டது. ஃப்ரிட்ஜ் மேலே லிராய் ஒளித்துவைக்கும், ஜாம் வைத்த கொலாச்சி பன் டப்பாதான் அடுத்த குறி. வெர்னுக்கு ஃபோன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 3

ஜனெல் முன்னால் ஏறிக் காட்டினேன். அவள் கைதட்டவில்லை. "தோள காதுகிட்ட தூக்கறீங்க, எக்கி நிக்கறீங்க. ஏறுறது கை இல்ல, நீங்க."

தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னாள். விரல்கள் மோவாய்க்கு நேரே நின்றுவிட்டன. கண்ணில் தண்ணீர். வலியாலா? வலியால மட்டும் இல்ல. ஊருக்கெல்லாம் பிசகாமத் தீர்ப்புச் சொல்றவ, எனக்கு நானே கள்ளாட்டம் ஆடியிருக்கேனே!

சேவலைக் கீழே இறக்கினேன்.

பிப்ரவரி 4

லிராயிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என் அம்பயர் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் குதிகாலையே பார்த்தான். லேசாகத்தான் எக்கினேன்.

"அவுட்!"

மனுஷனுக்கு என்ன சந்தோஷம்!

மார்ச் 11

அவுட். அவுட். அவுட். விவாகரத்து ஒன்றுதான் பாக்கி.

ஏப்ரல் 20

வலது கையாலேயே தலை வாரினேன். கலைத்துவிட்டு மறுபடியும் வாரினேன்.

மே 9

குழுத் தலைவர் முன்னால் கையைத் தூக்கினேன். காதை ஒட்டி, நேராக. தோள் கம்மென்று தன் இடத்தில் இருந்தது. "சீருடையத் தேய்ச்சு வை, டார்லீன்" என்றார். காரில் உட்கார்ந்து ஓவென்று கத்தினேன்.

மே 18

முதல் ஆட்டம். வெர்ன் அணிக்குச் சமன் செய்ய ஒரு ரன் வேண்டும். மூன்றாவது பேஸிலிருந்து அவனே ஓடிவந்து புழுதி பறக்கச் சறுக்கினான். அவன் கால் கடைசி பேஸைத் தொடுமுன், எதிரணிக்காரன் கையுறையிலிருந்த பந்து அவன் முழங்காலைத் தொட்டதைப் பார்த்தேன். என் முஷ்டி மேலே போனது.

"அவுட்!"

வலிக்கவே இல்லை. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

வெர்ன் எழுந்து வந்தான். "உனக்குக் கண்ணு தெரியலக்கா!"

"கண்ணு நல்லாத் தெரியுதுடா. கையும் எழும்புது."

வெர்ன் அணிக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். கடைசியில் வெர்னுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், ஃப்ரிட்ஜ் மேலிருந்த கொலாச்சி டப்பாவை வலது கையால் எடுத்தேன். லிராய் சட்டென்று குனிந்து என் குதிகாலைப் பார்த்தான்.

"சேஃப்" என்றான்.