பூ வளையத்துக்குள் ஒரு ராசா

அக்கா,

நேற்று பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கிற அறையில் தொங்கிய கலண்டரில் எங்கட ராசா! அதே வெள்ளைக் கொலர், சுற்றிவர ரோசாவும் டியூலிப்பும். பல்வலி மறந்துபோய், உங்கள் குரல்தான் காதில் கேட்டது.

யூரோ வந்த புதுசு. ஜெர்மனிக்கு வந்து நீங்களும் நானும் பழகினதே டொச் மொழி வகுப்பில்தானே. அந்த டீச்சர் எங்களை டுசல்டோர்ஃபில் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பெல்ஜியம் பக்கத்துப் பழைய பிளெமிஷ் ஓவியங்களாம். அந்த ராசாவுக்கு முன்னால் நின்று, "ஐயோ பாவம், இளம் ஆள். எப்ப செத்தவர்?" என்று கேட்டீர்கள். படத்தைச் சுற்றிப் பூ என்றால் எங்களுக்கு வேறென்ன அர்த்தம்? படம் கீறும்போது ராசா உயிரோடுதான் இருந்தார், பூ மரியாதைக்கு என்றா டீச்சர். முகம் கீறினது ஒருவர், பூக் கீறினது இன்னொருவர் என்றும் சொன்னா.

உங்கள் முகம் கறுத்தது. "பார்த்தீரே, பூப் போட்டவன் ஆளைக் கண்டிருக்கவே மாட்டான்."

ஊரில் சண்டைக் காலத்தில் சந்தைக்குப் போன உங்கள் மனுசன், எங்கட அத்தான், திரும்பி வரவேயில்லை. படத்துக்கு மாலை போடுங்கோ, பொட்டை அழியுங்கோ என்று ஹனோவரிலிருந்து அத்தானின் தமையன் ஓயாமல் போன் எடுப்பார். அந்த மியூசியத்துக்குப் பிறகு நீங்கள் ஒருத்தரையும் நம்பவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களின் கையைத்தான் முதலில் பார்ப்பீர்கள், பூ இருக்கிறதா என்று. உங்கள் பிறந்தநாளுக்கு ரோசாவோடு வந்த எனக்கே கதவு திறக்கவில்லையே!

ஒரு சனிக்கிழமை தமையன் மாலையோடேயே வந்து நின்றார். "அண்ணை, உடம்பைக் கண்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டீர்கள். மனுசன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மாலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன தை மாதம் உங்களுக்குக் கடைசிச் சேலை உடுத்திவிட்டது நான்தான். பொட்டும் நான்தான் வைத்தேன். அதனால் உங்கள் படத்து மாலையில் எனக்குச் சந்தேகமில்லை, அழுகை மட்டும்தான். ஆனால் முப்பத்தோராம் நாள் கிரியைக்குத் தமையன் இரண்டு மாலையோடு வந்தார்.

"இனி அவவும் இல்லைத்தானே. தம்பிக்கும் போட்டிடுவம்."

எனக்கு வந்த கோபம்! "ஏலாது அண்ணை. அவ விடேல்லை, நானும் விடன்," என்று அத்தானின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இவளுக்கென்ன விசரோ என்று சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அத்தானை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை, அக்கா. என்றாலும் ஸ்டேஷனில் வயதான தமிழர் ஒருவர் ரயிலால் இறங்கினால், முகத்தை உற்றுப் பார்க்காமல் என்னால் நகர ஏலாமல் கிடக்கு.