பரஸ்தூவின் பெயர் எழுதிய நீல ஓவியம்

தெஹ்ரான்,
பஹ்மன் 12.

அன்புள்ள அர்தவானுக்கு,

மஹின் எழுதுவது. நலமாக இருக்கிறேன். நான்கு நாளாகப் பனி. கூரையில் குவிந்ததைத் தள்ள ஆள் கிடைக்காமல் நானே ஏறித் தள்ளினேன். பாரிஸில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன், பார்த்தீர்களா?

நேற்று உங்கள் தங்கை ஹுமா அந்தப் பிரெஞ்சுப் பத்திரிகையோடு வந்தாள். உங்கள் பேட்டியை வரி வரியாக நம் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். "மேல படி" என்றேன். "வேணாம் அண்ணி, அண்ணன் ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லியிருக்காரு" என்றாள். வற்புறுத்திய பிறகுதான் சொன்னாள். கண்காட்சியில் வைத்திருக்கும் நம் நீல ஓவியத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, எழுத்துக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, வெறும் வடிவம்தான் என்றிருக்கிறீர்கள். படத்தின் பெயர் 'நீலம் ஏழு'. வரைந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும்.

என் பெயர் விடுபட்டதைப் பொறுத்துக்கொள்வேன். மற்ற படங்களிலும் எழுத்து என்னுடையது, நிறம் உங்களுடையது, கீழே போடும் கையொப்பம் உங்களுடையது மட்டும்தானே. பழகிவிட்டது. இது வேறு. நம் மகள் இறந்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் நாணல் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஓவியத் துணி முழுக்கப் பரஸ்தூ, பரஸ்தூ என்று அவள் பெயர்தான், இடமில்லாமல் போகும்வரை. மூன்றாம் நாள் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே நீலம் பூசினீர்கள். ஓர் எழுத்தைக்கூட மூடிவிடாமல் பூசினீர்கள். "இது நம்ம வீட்ட விட்டுப் போகாது மஹின்" என்று சொன்னது நீங்கள்தான்.

நான் இஸ்ஃபஹானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் அதைப் பெட்டியில் அடைத்து அனுப்பினீர்கள். கேட்டபோது, காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவேன் என்றீர்கள். அதையும் நம்பினேன். இப்போது விற்றாகிவிட்டதாம்.

அடுத்த கண்காட்சிக்கு நான்கு துணிகளில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். எழுதவில்லை. அர்த்தமில்லாத எழுத்துக்கு நான் எதற்கு? அங்கேயே யாரையாவது பிடித்துக் கிறுக்கச் சொல்லுங்கள்.

கண்காட்சி முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதாம். வாங்கியவர் அதுவரை எடுத்துப்போக மாட்டாராம். அவரிடம் பேசித் திரும்பக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், கூட்டமில்லாத ஒரு நேரத்தில் அதன் முன் போய் நில்லுங்கள். வலது மேல் மூலையிலிருந்து தொடங்கி, வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். அங்கே வந்துபோகிறவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

பரஸ்தூவின் அம்மா,
மஹின்