தோளைத் தொட்டதற்கு

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு டீச்சர் சீருடை வாங்க வருவார். தையல் மெஷின்மேல் மடித்து வைத்திருக்கிறேன். ஊசி பிடிக்க முடியவில்லை, இரண்டு பொத்தான் பாக்கி என்று சொல்லிவிடுங்கள்.

"வலி மணிக்கட்டுல. தோளைத் தொட்டதுக்கு எதுக்கு அலறுற? நல்லா நடிக்கிற" என்றீர்கள். நேற்று டாக்டரம்மா என் முழங்காலுக்குக் கீழே ஒரு கருவியை வைத்து மெல்ல அழுத்தினார். வலித்ததும் சொல்லச் சொன்னார். பாதி அழுத்தத்திலேயே போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு நாளானால், சிலருக்கு உடம்பெங்கும் வலி சீக்கிரம் உறைக்குமாம்.

பதினோரு மணிக்கு ஆபரேஷன். நான் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

வரச் சொல்லி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வாங்க. கையைப் பிடிக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.