வெள்ளிக்கிழமை சாம்பிராணி

6-3-1972, திங்கள்
காலையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். தெருவுக்குப் பின்னால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரசாயனக் கம்பெனிக்காரன் கழிவைத் திறந்துவிட்டிருக்கிறான். புஷ்பா இருமி இருமிக் குடித்த பாலையும் கக்கிவிட்டாள். ஆறு வயதுக் குழந்தை! இவர் விடிந்ததும் ஆவடிக்கு வேலைக்குப் போய்விடுகிறார், இவருக்கென்ன. கம்பெனி மேனேஜர் பங்களா மட்டும் இந்தக் காற்றே போகாத பக்கம். இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

9-3
தெருப் பெண்கள் சேர்ந்து சுகாதார ஆபீசுக்கு மனு. எழுதியது நான். எதிர்வீட்டுக் கெங்கம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு, "இன்னாமே, நம்ம மூக்கு சொல்றத அவுங்க நம்புவாங்களா?" என்றாள். வந்து மோந்து பார்க்கட்டும் என்றேன்.

23-3, வியாழன்
நாளைக் காலை இன்ஸ்பெக்டர் வருகிறாராம். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

24-3, வெள்ளி
போச்சு. எல்லாம் போச்சு.

ஆபீசர் வருகிறார் என்று விடியுமுன்பே தெரு முழுக்கச் சாணம் தெளித்துக் கோலம் போட்டோம். வெள்ளிக்கிழமை வேறு — வீட்டுக்கு வீடு சாம்பிராணி. கெங்கம்மாள் தலை நிறைய மல்லி. இன்ஸ்பெக்டர் தெருமுனையில் நின்று மூச்சை இழுத்தார். "கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்கேம்மா!" கம்பெனிக்காரனும் இன்று கழிவைத் திறக்கவில்லை, அவனுக்கு யார் சொன்னார்களோ. நான் வாயைத் திறப்பதற்குள் காபியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடிப் பாவிகளா, நாத்தத்தைக் காட்டக் கூப்பிட்டுட்டு யாராவது சாம்பிராணி போடுவாங்களா? நானுந்தானே போட்டேன்?

5-4
பதில் வந்தது. "துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை."

18-4
மறுபடி மனு. முன்கூட்டிச் சொல்லாமல் வரவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். "இன்னொரு தபா எவளாச்சும் சாம்பிராணி போட்டா கைய ஒட்ச்சிடுவேன்" என்கிறாள் கெங்கம்மாள். சிரிக்கவும் முடியவில்லை. புஷ்பாவுக்கு இருமல் நிற்கவேயில்லை.

12-6, திங்கள்
இன்ஸ்பெக்டர் சொல்லாமலே வந்துவிட்டார்! கெங்கம்மாள் ஓடிவந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், கம்பெனிக் கழிவு ஓடும் கால்வாயோரம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர். பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"எப்பவும் இதே அளவா, இல்ல இன்னிக்குக் கூடுதலா? சொல்லுங்கம்மா, எழுதணும்."

மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு நாற்றமும் தெரியவில்லை. மறுபடி இழுத்தேன். எங்கே போச்சு? கெங்கம்மாளைப் பார்த்தேன். அவளும் மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தான் சார்" என்றேன், அவர் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே. எழுதிக்கொண்டார்.