தூரத்து ஆளுக்கு முதல் சேதி

கூடப் பிறக்காத என் தம்பி ஏகாம்பரம், அங்கே சௌக்கியமா?

எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் மகள் செல்வி. பிழை இருந்தால் அவளைக் கேள்.

உங்கப்பா செத்த காலை நினைவிருக்கிறதா? நம் தெருவுக்கே ஒரு சைக்கிள், என்னுடையது. முறைப்படி முதல் சேதி உன் தாய்மாமனுக்குப் போக வேண்டும். நீயோ அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாய். "அண்ணா, மொதல்ல ஆத்துக்கு அந்தாண்ட போய் அக்காகிட்ட சொல்லு. வழியில தெரிஞ்சவங்க காதுலயும் போடு, மத்த ஊருக்கு அவங்க ஓடட்டும்."

மாமன் குதித்தாராம். "நாலு வீடு தள்ளி இருக்கிறேன், எனக்குக் கடைசியாவாடா சொல்றது? மொறைன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"

"நாலு வீடுதானே மாமா, செருப்பு மாட்டுறதுக்குள்ள வந்துடுவ. அக்கா வர வேணாமா?"

இடுப்புவரை நனைந்த சேலையோடு அக்கா வந்தாள். எடுப்பதற்குள் அப்பா முகத்தைப் பார்த்தாள். பாலாற்றில் அப்போது அவ்வளவு தண்ணீர் இருந்தது, இல்லையா?

செல்வி இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். புதுசும் பழசுமாக நிறைய மெஷின்களைச் சேர்த்து, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைக்கிறாள். எல்லாவற்றுக்கும் சேதி போய்ச் சேர்ந்தால்தான் வேலை தொடங்குமாம். பின்கட்டடத்துப் பழசுகளுக்குப் போய்ச் சேர நேரமாகும். அதுவரை மற்றதெல்லாம் சும்மா நிற்கும்.

போன வாரம் வந்து உட்கார்ந்தவள் முகமே சரியில்லை. "சீக்கிரம் சரி பண்ணலைன்னா பழசையெல்லாம் தூக்கிடுவாங்க பெரியப்பா. அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?"

"மொதல்ல எதுக்கும்மா சேதி அனுப்புற?"

"பெரிய மெஷினுக்குத்தான். பக்கத்துலயே இருக்குது. பழசுக்குக் கடைசி." சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். நீ அவளுக்கு எத்தனை முறை சொன்ன கதை! "ஐயோ, நானும் மாமன் வீட்டுக்கே மொதல்ல போயிக்கினு இருக்கிறேனே!"

மறுநாளே வரிசையை மாற்றினாள். பழசுக்கு முதலில் அனுப்பினாள். அது போய்ச் சேருவதற்குள் பெரிய மெஷின் சேதியை வாங்கிப் பக்கத்தில் உள்ளவற்றுக்கெல்லாம் சொல்லிவிடுகிறது. இன்று காலை மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. பழசும் இருக்கட்டும், நீயும் இரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உன் வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை. "அம்மா திட்டப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் இதை எழுதுகிறாள். திட்டட்டும். அவள் அடுத்த அறையில்தானே இருக்கிறாள்.

எழுதி முடித்ததும் இதை மாலை போட்ட உன் படத்தின் முன்னால் வைப்பாள். இனி உன் வீட்டில் எது நடந்தாலும் முதல் சேதி உனக்குத்தான், தம்பி. எங்கள் எல்லாருக்கும் தூரத்தில் இருப்பவன் நீதானே.

உன் மகளுக்குப் பெரியப்பன்,
முனுசாமி